பக்கத்து இருக்கை

"எது நல்ல வண்டி, சாமி? பழைய மஸ்டாங்கா, புதுசா?"

முக்திக்கு வழி கேட்டு வருகிறவர்களைத்தான் அந்த மடம் பார்த்திருக்கிறது. சென்னியப்பன் காரைப் பற்றிக் கேட்டார். சீடருக்கு ஐம்பத்தாறு வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"ரெண்டும் யாருது?" என்றார் குரு.

"பழசு, என் சம்சாரத்தோட முதல் வீட்டுக்காரருதுங்க. அறுபத்தேழாம் வருஷத்து மாடல். அவர் தவறினதிலிருந்து ஷெட்டுல நிக்குது. புதுசு, இந்திராணியை நான் கட்டினப்புறம் வாங்கினது. அதே பேரு, முன்னாடி அதே குதிரைச் சின்னம்."

"அதே பேரு எதுக்கு?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். போட்டிக்கு வாங்கியவர் வேறென்ன செய்வார்?

"புதுசுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. வேகம் அதைவிட அதிகம். பிரேக்கைத் தொட்டா நிக்கும். ஆனா பழசு உறுமினா தெருவே திரும்பிப் பாக்குமாம். ஊட்டி மலையில அவர் அதை ஓட்டின கதையை இவ சொல்லாத நாளே இல்லீங்க."

"உங்க வண்டியைப் பத்தி என்ன சொல்றாங்க?"

சென்னியப்பனின் குரல் இறங்கியது.

"எங்க சொல்றது? ஏறி உக்காந்த கொஞ்ச நேரத்துல தூங்கிடறா."

சென்னியப்பனே தொடர்ந்தார்.

"கல்யாணமாகி மூணு வருஷமாச்சு. அவ மனசுல எனக்கு இடமே இல்லீங்க, சாமி. நாளைக்கே இதை வித்துட்டு, பழசை வெளிய எடுத்து, அவர் மாதிரியே ஓட்டலாம்னு இருக்கேன்."

"அந்தம்மா எங்கே?"

"வெளிய வண்டியிலதான். உங்க வாசலுக்கு வந்தும் எந்திரிக்கலீங்க."

குரு எழுந்து வெளியே போனார். சென்னியப்பன் பின்னால் போனார்.

வண்டி வேப்பமர நிழலில் நின்றது. திறந்திருந்த கண்ணாடி வழியாகக் குரு குனிந்து பார்த்தார். இந்திராணி செருப்பைக் கழற்றிவிட்டு, லேசாக வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் மடியில் விரிந்து கிடந்தன.

"பழைய வண்டியில இவங்க தூங்குவாங்களா?" குரு மெல்லக் கேட்டார்.

"கண்ணையே மூடமாட்டாளாம். ஒவ்வொரு வளைவுலயும் கதவுப் பிடியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, குலசாமியைக் கூப்பிட்டுக்கிட்டே..."

சென்னியப்பன் பாதியில் நிறுத்தினார்.

மனைவியின் கைகளைப் பார்த்தார்.

"சாமி..." என்று வாயெடுத்தார்.

குரு உதட்டில் விரல் வைத்தார். பிறகு மிதியடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார்.

சென்னியப்பனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. வண்டியில் ஏறி, கதவை அறையாமல் சாத்தினார்.

வீடு வந்தது. இந்திராணி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சென்னியப்பன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, வாசலைத் தாண்டி மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.