பத்துக்குப் பத்து வாங்கிய மைனா

இரண்டு காடுகளுக்கு நடுவில் ஓர் ஆறு ஓடியது, பிள்ளைகளே. இக்கரைக் காடு ஒரு நாடு, அக்கரைக் காடு இன்னொரு நாடு. ஆற்றின் நடுத்திட்டில் ஒரே ஒரு நாவல் மரம். அந்த மரம் யாருக்கு என்று தகராறு வந்து, கடித்துக் குதறிப் பார்த்து, இரண்டு பக்கமும் களைத்துப்போய், கடைசியில் ஹாக்கி ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. வருடத்துக்கு ஓர் ஆட்டம். ஜெயித்த நாட்டுக்கு அந்தப் பருவம் முழுக்க மரம் சொந்தம். தோற்ற நாட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

நன்றாகக் காய்ந்த விளாங்காய்தான் பந்து. எருமை மட்டையை எப்படிப் பிடித்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். பிடித்தது, அவ்வளவுதான்.

இக்கரைக் காட்டில் ஒரு மைனா இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூட மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஆட்டம் என்றால் முதல் ஆளாக வந்து கரையான் புற்றின் உச்சியில் உட்கார்ந்துவிடும். தேக்கிலை ஒன்றை விரித்து, ஆடுகிறவர்களுக்கெல்லாம் அலகால் கீறிக் கீறி மார்க் போடும். இடைவேளையில் அதைக் காடே கேட்கப் படிக்கும். பத்துக்குப் பத்து மட்டும் யாருக்கும் போட்டதில்லை.

"அதுக்குத் தகுதியான ஆள் இன்னும் பொறக்கல" என்று சொல்லிக்கொள்ளும்.

போன வருடம் இக்கரை ஜெயித்ததால் மைனா அந்த நாவல் மரத்திலேயே கூடு கட்டிக் குடியேறியிருந்தது. இந்த வருடம் தோற்றால் வீடும் போகும், பழமும் போகும்.

முதல் பாதி முடிந்தது. இக்கரை இரண்டு கோல், அக்கரை ஒன்றும் இல்லை. மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு தேக்கிலையைத் தூக்கிப் பிடித்தது.

"முயலுக்கு ஒன்பது மார்க்! என்ன துள்ளல், என்ன ஓட்டம்!"

முயல் ஏழு முறை பந்தைப் பறிகொடுத்திருந்தது. துள்ளிக்கொண்டே பறிகொடுத்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

"கோல்கீப்பர் எருமைக்கு மூணு. அசை போட்டுக்கிட்டு நின்னதைத் தவிர ஒண்ணும் செய்யல."

"பந்து வந்தாத்தானேடா பிடிக்கிறதுக்கு?" என்றது எருமை.

"அடுத்து, தடுப்பாட்டம் ஆடுற முள்ளம்பன்றி." மைனா கொஞ்சம் நிறுத்தியது. "பூஜ்யம்! ஒரு தடவைகூடப் பந்தைத் தொடல. நட்டு வெச்ச கள்ளிச்செடி மாதிரி நடுவுல நின்னுச்சு."

காடே சிரித்தது. முள்ளம்பன்றிக்கு நிஜமாகவே வலித்தது. கோல் வாசலை மறைத்தபடி வலமும் இடமுமாக நகர்ந்து நகர்ந்து அதன் கால்கள் வீங்கியிருந்தன. சிரித்தவர்கள் யாரும் காலைப் பார்க்கவில்லை.

"முள்ளை எடு! முள்ளை எடு!" என்று கூட்டம் கத்தத் தொடங்கியது.

அணித் தலைவர் கடமானுக்குக் கொம்பு பெரியது. ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் கத்துகிறதோ அந்தப் பக்கம் திரும்புகிற தலை.

"தம்பி, நீ கொஞ்சம் உட்காரு. மயில் ஆடட்டும்."

"அண்ணே, எதிர்ல காட்டுப்பன்றி இருக்கு. நான் நின்னாத்தான் அது நடுவுல வராது."

"அதெல்லாம் சரிடா. பூஜ்யம் வாங்கினவனை இறக்கினா ஜனங்க என்னைப் பத்தி என்ன பேசும்?"

முள்ளம்பன்றி ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

இரண்டாம் பாதி தொடங்கியதும் அக்கரைக் காட்டுப்பன்றி நடுவில் எட்டிப் பார்த்தது. முள்ளைக் காணோம். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தது. அங்கே மயில் தோகையை விரித்து, பந்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி நேராக வந்து கோல் போட்டது.

"ஆகா, என்ன தோகை! மயிலுக்கு எட்டு!" என்றது மைனா.

இரண்டாவது கோலும் விழுந்தது. கடமான் ஓரத்தைப் பார்த்தது. "முள்ளம்பன்றியைக் கூப்பிடலாமா?"

"பூஜ்யத்தையா? வெக்கமா இல்ல?" என்று புற்றின் உச்சியிலிருந்து சத்தம் வந்தது. கடமானின் தலை பழையபடி திரும்பிக்கொண்டது.

மூன்றாவது பந்துக்கு எருமை பாய்ந்து விழுந்தது. பந்து போய்விட்டது, மண்தான் மிச்சம். "இப்ப பந்து வருதுடா! மார்க்கை ஏத்திப் போடு!" என்று படுத்தபடியே கத்தியது.

நடுவர் கொக்கு ஒற்றைக் காலில் நின்று ஊதியது. அக்கரை மூன்று, இக்கரை இரண்டு.

மைனா அசரவில்லை. "தோல்விக்குக் காரணம் முள்ளம்பன்றி! நாடு தோத்துக்கிட்டிருக்கும்போது ஓரமா உட்கார்ந்திருந்துச்சு. பூஜ்யத்துக்குக் கீழ ஏதாவது இருந்தா அதைத்தான் போடுவேன்!"

"உட்கார வெச்சதே நீதானேடா" என்றது முள்ளம்பன்றி.

அப்போது காட்டுப்பன்றி ஒரு காட்டுமல்லி மாலையோடு வந்தது. ஆட்டநாயகனுக்கு மாலை போடும் உரிமை ஜெயித்த அணிக்கு உண்டு. மயில் கழுத்தை நீட்டியது. காட்டுப்பன்றி அதைத் தாண்டிப்போய், புற்றின் மேலேறி மைனாவுக்கு மாலையைப் போட்டது.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். அந்த முள்ளுக்குப் பயந்து முதல் பாதி முழுக்கச் சுத்திச் சுத்தி ஓடியே எனக்கு நாக்கு தள்ளிப்போச்சு. எங்க பதினோரு பேரால அசைக்க முடியாத ஆளை ஒத்தை இலையை வெச்சு வெளிய அனுப்பிட்டீங்க. எங்க அணியிலயே இன்னிக்கு நல்லா ஆடினது நீங்கதான்."

மைனாவுக்குப் பழக்கதோஷம். "எத்தனை மார்க்?" என்று கேட்டுவிட்டது.

"பத்துக்குப் பத்து" என்றது காட்டுப்பன்றி. "சாயங்காலத்துக்குள்ள கூட்டைக் காலி பண்ணிடுங்க."

கடமான் மெதுவாக முள்ளம்பன்றியின் பக்கத்தில் போய் நின்றது. "தம்பி, அடுத்த வருஷம் நீதான்..."

"முதல்ல காதை அடைச்சுக்கப் பழகுங்கண்ணே. அப்புறம் பேசலாம்."

அந்தப் பருவத்தில் நாவல் மரம் காய்த்துக் குலுங்கியது. மைனா இக்கரையில் ஒரு கருவேல மரத்தில் உட்கார்ந்து, பழங்கள் கொத்துக் கொத்தாக ஆற்றில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்க வரும் எருமை மட்டும் தினமும் அந்த மரத்தடியில் நின்று, மரியாதையாகத் தலையைத் தூக்கிச் சொல்லும்: "வணக்கம், பத்து மார்க்கு!"

நீதி: கெட்டது நடக்காமல் தடுப்பவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்று அவரை உட்கார வைத்துவிட்டால், பிறகு எல்லாம் தெரியும்.