வட்டமடிக்க வெட்கப்பட்ட கூழைக்கடா

பெரிய ஏரி ஒன்றின் நடுவே ஒரு கருவேல மரம் நின்றது. அதன் உச்சிக் கிளையில் மிடுக்கன் என்ற கூழைக்கடாவும் அவன் மனைவி அல்லியும் கூடு கட்டியிருந்தார்கள். கூட்டில் ஒரே ஒரு குஞ்சு.

கீழ்க்கிளைகளில் நீர்க்காகங்கள் குடியிருந்தன. அவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம். மாலையானால் வரிசையாக உட்கார்ந்து, கூடு திரும்பும் பறவைகளை வேடிக்கை பார்க்கும். முதல் முறையிலேயே இறங்கினால், “சபாஷ்!” இறங்க முடியாமல் வட்டமடித்து மறுபடி வந்தால், “செக்குமாடு! செக்குமாடு!” என்று ஒரே கூச்சல். அடுத்தவன் எப்படி இறங்கினால் இவற்றுக்கென்ன? ஆனாலும் அந்தக் கூச்சலுக்குப் பயப்படாத பறவை அங்கே அபூர்வம்.

மிடுக்கன் ஒருநாளும் வட்டமடித்ததில்லை. அதில் அவனுக்கு அத்தனை பெருமை!

ஆடி பிறந்தது. காற்று ஒரு நிலையில் நிற்கவில்லை. திடீரென்று அறையும், சட்டென்று ஓயும், திசை மாறி மறுபடி அறையும். மரம் ஓயாமல் ஆடியது. மீன் பிடிக்கப் போக முடியாமல், குஞ்சு முந்தின நாளிலிருந்து பட்டினி.

“கத்தக்கூடத் தெம்பில்லாம கிடக்குதுங்க!” என்றாள் அல்லி.

மிடுக்கன் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிளம்பினான். அலகுப்பை நிறைய மீனோடு மாலையில் திரும்பினான்.

அவனுக்கு முன்னால் நூலி என்ற சின்னக் கொக்கு இறங்கப் பார்த்தது. காற்று தள்ளியது. நூலி மேலே ஏறி வட்டமடித்தது.

“செக்குமாடு! இன்னொரு சுத்து சுத்து!”

“சுத்தினா சுத்திட்டுப் போறேன்! உங்களுக்கென்ன, சிறகு வலிக்குதா?” என்றது நூலி. காற்று அடங்கும்வரை சுற்றிவிட்டு நிதானமாக இறங்கியது.

அடுத்து மிடுக்கன். கிளையை நெருங்கும்போது காற்று அவனைப் பக்கவாட்டில் தள்ளியது.

“ஏங்க! காத்து திரும்புது! ஒரு சுத்து சுத்திட்டு வாங்க!” என்று அலறினாள் அல்லி.

மிடுக்கனும் மேலே ஏறத்தான் நினைத்தான். அதற்குள் கருப்பட்டி என்ற கிழட்டு நீர்க்காகம் கேட்டது: “என்னடா, மிடுக்கனும் செக்குமாடு ஆயிட்டானா?”

அவ்வளவுதான்! ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நானா? இப்பப் பாரு!” என்று கிளையை நோக்கிப் பாய்ந்தான்.

காற்று சட்டென்று நின்றது. மிடுக்கன் தொப்பென்று தாழ்ந்தான். மறுநொடி பின்னாலிருந்து ஓர் அறை! கிளையில் மோதினான். ஒரு சிறகு மடங்கியது. கூடு சரிந்தது. விழப்போன குஞ்சை அல்லி அலகால் கவ்விப் பிடித்தாள். மிடுக்கனின் வாய் பிளந்து, மீன் அத்தனையும் தண்ணீரில் கொட்டியது.

நீர்க்காகங்கள் தொபுக் தொபுக்கென்று குதித்தன. ஒரு மீனையும் விடவில்லை.

“சிரிச்சவங்க வயிறு ரொம்பிடுச்சு. நம்ம பிள்ளை வயிறு?” என்று அல்லி அழுதாள். மிடுக்கனால் தலை நிமிர முடியவில்லை.

நூலிக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி காற்றில் ஏறியது. இருட்டுவதற்குள் ஒரு சின்ன மீனோடு வந்து, பொறுமையாக வட்டமடித்து, அசையும் கிளையில் இறங்கிக் குஞ்சின் வாயில் வைத்தது. “செக்குமாடு!” என்று கத்த நீர்க்காகங்களுக்கு வாய் ஒழியவில்லை. மிடுக்கனின் மீன்களை அப்போதும் விழுங்கிக்கொண்டிருந்தன.

நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து இறங்கக் கூடாத நேரத்தில் இறங்குகிறவன், தன் பிள்ளையின் சோற்றை எடுத்துச் சிரித்தவர்களுக்கே பரிமாறுகிறான்.