உக்கடத்துக் குரலின் முதல் சொல்

கோவை சிட்கோ தொழிற்பேட்டையில் பழைய கணினிகள் வந்து சேரும் கொட்டகை ஒன்று உண்டு. அலுவலகங்கள் வேண்டாமென்று கழித்தவை அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவற்றிலிருந்து கழற்றிய பிராசஸர்களை மூன்று பெண்கள் கவனித்துக்கொண்டார்கள். தீப்பெட்டி அகலத்தில் சதுரமான சில்லு. அடியில் புல் முளைத்தாற்போல் பொன்முலாம் பூசிய ஊசிகள். குமுதவல்லி அவற்றை வகை பிரிப்பாள். எஸ்தர் வளைந்த ஊசிகளை நிமிர்த்துவாள். ஜீனத் ஒவ்வொன்றையும் கணினியின் தாய்ப்பலகையில் பொருத்தி, உயிர் இருக்கிறதா என்று சோதிப்பாள். இருந்தால் மறுபடியும் ஒரு கணினிக்குப் போகும். இல்லையென்றால் உருக்காலைக்கு.

குமுதவல்லிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒருநாள் அவள் கைக்கு மிகப் பழைய வகைச் சில்லு ஒன்று வந்தது. ஊசிகள் பாதி சாய்ந்துகிடந்தன. உருக்கத்தானே போகிறது, நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று மேலாளரிடம் சைகையில் கேட்டாள். "எடுத்துக்கோம்மா, இனி அது உன்னுது" என்று சொல்லிக் கைகாட்டி அவரும் தந்துவிட்டார். அதைச் சன்னலோரம் சாய்த்து வைத்தாள். காலை வெயில் அதன்மேல் விழும்போது எதிர்ச்சுவரெங்கும் பொற்புள்ளிகள் மெல்ல நகரும். ஜீனத் சிலநேரம் கையிலிருந்த வேலையை மறந்துவிடுவாள். ஏதோ குளத்தின் அடியில், வெளிச்சம் வடிந்து இறங்கும் இடத்தில் மூவரும் உட்கார்ந்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும்.

அப்படியொரு காலையில் செந்தாமரை என்ற பெண் தேடிக்கொண்டு வந்தாள்.

"எங்கப்பா வேலாயுதசாமிங்க. உக்கடம் பஸ் ஸ்டாண்டுல மைக்குல ஊர் பேரெல்லாம் சொல்லிட்டிருந்தாரே..."

ஜீனத் நிமிர்ந்தாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போன காலத்தில், "பொள்ளாச்சி, பொள்ளாச்சி, ஏறினவங்க உட்காருங்க" என்று அது சொல்லும்போது, பாட்டு கேட்பதுபோல் நின்று கேட்டு வண்டியைத் தவறவிட்டிருக்கிறாள்.

வேலாயுதசாமிக்குத் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுக்கவேண்டியிருந்தது. அதற்கு முன்பே மகள் அப்பாவின் பேச்சைப் பதிந்து கணினியில் ஏற்றிவைத்தாள். அவர் தட்டச்சு செய்ய, கணினி அவர் குரலிலேயே பேசும். இப்போது பிராசஸர் செத்துவிட்டது. அந்த மென்பொருளோ அந்தப் பழைய பலகையில் மட்டும்தான் ஓடும்; பலகையோ அந்த வகைச் சில்லை மட்டும்தான் ஏற்கும். மென்பொருளை எழுதிக்கொடுத்த கம்பெனியும் இல்லாமல் போயிற்று.

"வீடே ஊமையாப் போச்சுக்கா" என்றாள் செந்தாமரை.

அவள் காட்டிய செத்த சில்லை வாங்கிப் பார்த்த ஜீனத்தின் கண்கள் தாமாகவே சன்னலுக்குப் போயின. அதே வகைதான். அவள் தயங்கித் தயங்கி, சைகையில் குமுதவல்லிக்கு விஷயத்தைச் சொன்னாள். குமுதவல்லி சுவரில் நகர்ந்த பொற்புள்ளிகளைப் பார்த்தாள். 'குரல் என்றால் எப்படி இருக்கும்?' என்று கைகளால் கேட்டாள். ஜீனத் அந்தப் புள்ளிகளையே சுட்டிக்காட்டினாள். குமுதவல்லி எழுந்து போய்ச் சில்லை எடுத்துவந்து எஸ்தரின் மேசையில் வைத்தாள். சுவர் வெறும் சுவராயிற்று.

எஸ்தர் பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஊசி ஊசியாக நிமிர்த்தினாள். யாருடையது என்று கேட்டுக்கொள்ளவில்லை. எந்தச் சில்லு வந்தாலும் அவள் கை அப்படித்தான் வேலை செய்யும்.

ஜீனத் அதைப் பலகையில் பொருத்தினாள். திரை இருண்டே கிடந்தது. கழற்றித் துடைத்தாள், மறுபடி பொருத்தினாள். அன்று அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது.

"நீ கிளம்பு ஜீனத், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் எஸ்தர்.

"இன்னிக்கே முடிச்சாத்தான் நாளைக்கு அவங்க கணினியில பொருத்த முடியும். எனக்கு அந்தக் குரலைக் கேக்கணும்."

வெயில் சாயும் நேரத்தில் திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன. சில்லின் முதுகில் விரலை வைத்துப் பார்த்தாள். தூங்கும் குழந்தையின் நெற்றிபோல் இளஞ்சூடு.

மறுநாள் வேலாயுதசாமியே மகளோடும் கணினியோடும் வந்தார். ஜீனத் சில்லைப் பொருத்திக் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் எஸ்தர் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் விசைப்பலகையைத் தொடாமல் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் எழுதினார்: 'திரும்பி வந்த குரல், தன்னைத் திருப்பிக் கொடுத்தவர் பெயரைத்தான் முதலில் சொல்லவேண்டும். முதல் சொல் ஒன்றுதானே? அது யாருக்கு?'

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். ஊசிகளை நிமிர்த்திய எஸ்தருக்கா, விடாமல் முயன்று உயிர் கண்ட ஜீனத்துக்கா, சில்லைக் கொடுத்த குமுதவல்லிக்கா? அந்த முதல் சொல் யாருக்கு உரியது?

விடை: எஸ்தரின் உழைப்பு பெரிது, ஆனால் அது அவள் எல்லாச் சில்லுக்கும் கொடுக்கும் உழைப்பு. ஜீனத் ஒரு விசேஷத்தையே விட்டுக்கொடுத்தாள். ஆனால் ஏங்கிய குரல் அவளுக்குக் கிடைக்கத்தான் போகிறது. தனக்கென்று இருந்த ஒன்றை, தன்னால் ஒருபோதும் கேட்க முடியாத ஒன்றுக்காகக் கொடுத்தவள் குமுதவல்லிதான். முதல் சொல் அவளுக்கே உரியது. வேலாயுதசாமியும் அவள் பெயரைத்தான் தட்டினார். கொட்டகை நிறைய அந்தக் குரல் எழுந்தபோது ஜீனத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்ட குமுதவல்லி, ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவர் மறுபடி தட்டினார். குரலின் அதிர்வு அவள் உள்ளங்கையில் ஏறியது. கையை எடுக்காமலே, இன்னொரு முறை என்று மறுகையின் விரலைக் காட்டினாள்.