மிளகின் ஏகாதசி

எங்கள் ஆசிரமம் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. குரு வேதவல்லி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் சாரங்கபாணிக்கு அறுபத்தாறு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சமையல்காரி. அந்த மனுஷனைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிளகு எங்கள் கறுப்புப் பூனை. அதற்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் ஏழு மணிக்கு, சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டு யூனிட் இன்சுலின். அது சாப்பிடவில்லை என்றால் ஊசியைத் தொடாதீர்கள், எனக்குப் போன் பண்ணுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஊசி போடும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் சாரங்கபாணி. ஒரு நிமிஷம் பிந்த மாட்டார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அன்று ஏகாதசி. ஆசிரமத்தில் யாரும் சாப்பிட மாட்டோம். மிளகுக்கு மட்டும் ஆறரைக்குத் தட்டு வைத்துவிட்டு நான் துணி துவைக்கப் போனேன். மனுஷன் அந்தத் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆசிரமத்துப் பூனைக்கும் புண்ணியம் சேரட்டுமாம். ஏழு அடித்ததும் ஊசியை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார்.

பத்து மணிக்கு மிளகு தள்ளாடித் தள்ளாடி வந்து என் காலடியில் விழுந்தது. கூப்பிட்டேன், கண் திரும்பவில்லை. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தார்.

காதில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார். முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. அபிஷேகத்துக்கு வைத்திருந்த தேனை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினார். ஆட்டோ வரும்வரை தடவிக்கொண்டே இருந்தார். சாரங்கபாணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் டாக்டரிடமிருந்து திரும்பினோம். மிளகு பிழைத்துவிட்டது. தட்டை வைத்ததும் வழித்து நக்கியது.

சாரங்கபாணி அம்மாவின் முன் வந்து உட்கார்ந்தார். ஊசி நேரமும் தவறவில்லை, விரதமும் தவறவில்லை, பிறகு தன் குற்றம் என்ன என்று கேட்டார். கேட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மா என்னிடம் நாலு இட்லி வார்க்கச் சொன்னார். இலையை அவர் முன்னால் போட்டார்.

"சாப்பிடுங்க."

"இன்னிக்கு ஏகாதசி, அம்மா."

"தெரியும்."

"முப்பத்தோரு வருஷமா ஒண்ணுகூட விட்டதில்ல."

அம்மா இட்லியைப் பிய்த்து அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். அவர் முகம் சிவந்துவிட்டது. குருவிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

"என்னைக் கேக்காம என் விரதத்தை நீங்க எப்படி முறிக்கலாம்?"

அம்மா இட்லியை இலையிலேயே திரும்ப வைத்தார்.

"மிளகைக் கேட்டுட்டா அதைப் பட்டினி போட்டீங்க?"