போல்ட்டுக்காரருக்கு ஒரு நாற்காலி

மில் முதலாளி நஞ்சப்பனிடம் பழைய பந்தயக் கார் ஒன்று இருந்தது. மிதித்தால் எஞ்சின் குளவிக் கூட்டம் மாதிரி இரையும். அந்த வேகத்திலும், பிஸ்டனோடு மேலும் கீழும் பாயும் கனெக்டிங் ராடைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு சின்ன போல்ட்டுகள்தான். அவை அறுந்தால் ராடு எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே பாயும்.

ஃபிட்டர் பிலோமினா அதற்கென்றே நல்ல போல்ட்டுகளாகத் தேர்ந்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளியின் மச்சினன் வஜ்ரவேலு ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"லாரிக்கே தாங்குற போல்ட்டு மாமா. இதையே போடச் சொல்லுங்க."

"போடு பிலோமினா," என்றார் முதலாளி. "எஞ்சின் உடைஞ்சா நீ நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

போல்ட்டு மச்சினனுடையது, வேலை போவது தனக்கா? பிலோமினா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய் எஞ்சினைப் பூட்டி முடித்தாள். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, திறந்த பானெட்டை ஒட்டிப் போட்டாள்.

"வாங்கண்ணா, உட்காருங்க. போல்ட்டு கொடுத்தவங்க முதல் ஓட்டத்தைப் பக்கத்துல இருந்து பார்க்கணும். அதுதானுங்க மரியாதை."

"உட்காரு மாப்ள," என்றார் முதலாளி பெருமையாக.

பிலோமினா வண்டியில் ஏறி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். எஞ்சின் வீறிட்டது. நாற்காலி காலி! வஜ்ரவேலு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து கத்தினான்: "மாமா, நிறுத்தச் சொல்லுங்க! அது பழைய இரும்புக் கடைல பொறுக்குனது!"

முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "நிறுத்து தாயி! உன் போல்ட்டையே போட்டுத் தொலை!"

பிலோமினா இன்னும் ஒரு மிதி மிதித்தாள்.

"என் போல்ட்டுதானுங்க உள்ளே இருக்கு. அண்ணன் நாற்காலில உட்காருவாரான்னு பார்க்காம, அவர் போல்ட்டை எப்படிங்க போடறது?"