மகாராஜாவைச் சுட்ட பல்பு

மணிமுடிக்கோட்டை அரண்மனைக்குக் கரண்டு வந்த அன்றே மகாராஜா முத்துவிஜயர் விரலைச் சுட்டுக்கொண்டார். எரிகிற பல்பை மாம்பழம் பறிப்பதுபோல் பிடித்தால் வேறென்ன ஆகும்?

திவான் ராமபத்ர ராவ் சீமையில் படித்தவர். யாராவது மறந்துவிடுவார்களோ என்று தினமும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

"மகாராஜா, கரண்டு விளக்கில் நெருப்பே கிடையாது. நெருப்பில்லாதது எப்படிச் சுடும்? இது விளக்குக்கார இசக்கியின் சதி!"

இசக்கியைச் சிறையில் தள்ளினார்கள். அவன் மனைவி கைக்குழந்தையோடு கோட்டை வாசலில் நின்று அழுதாள்.

அதைப் பார்த்த ஆஸ்தான விகடகவி குழைக்காதர் நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, நம் அரண்மனை விளக்கு எதுவானாலும் சுடத்தான் செய்யும். இசக்கி என்ன செய்வான்?"

"ஓய், நெருப்பில்லாத விளக்குமா சுடும்?" என்று சிரித்தார் திவான்.

"திவான்வாளே தொட்டுப் பார்த்துச் சொல்லட்டுமே."

மகாராஜாவுக்கு யோசனை பிடித்திருந்தது. "சரி. ஒரு விளக்காவது சுடாவிட்டால் நீரும் இசக்கியோடு சிறைக்குப் போவீர்."

மாலையில் விளக்குகள் சபைக்கு வந்தன. எண்ணெய் விளக்கைத் திவான் தொடவில்லை. "நெருப்பு, தெரிந்ததுதானே!"

"தெரிந்தது பாதி. அந்த மஞ்சள் வெளிச்சம், சுடருக்குள் பழுக்கக் காய்ந்த கரித்தூள்" என்றார் குழைக்காதர். "அடுத்தது காஸ் விளக்கு. வெளிச்சம் தருவது நெருப்பல்ல, அதன்மேல் இருக்கும் வலைப்பை. தொடலாமே?"

தொட்டார். "ஐயோ!" வலைப்பை சாம்பலாய் உதிர்ந்தது.

"பாவம், சூடேறித்தான் அது ஒளிவிடுமாம். சீமையில் சொல்லவில்லை போலும். அடுத்தது ஆர்க் விளக்கு. இதோ, இரண்டு கரிக்குச்சிகள். இடைவெளியில் கரண்டு தாவி, குச்சி முனையை வெண்மையாகப் பழுக்க வைக்கிறது. எட்ட நின்றே பாருங்கள்."

எட்ட நிற்பவரா திவான்? குனிந்தார். தலைப்பாகைக் குஞ்சம் கருகியது.

கடைசியாகப் பல்பு. திவான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதற்குள் மெல்லிய கம்பி, மகாராஜா. கரண்டு போக வேண்டும் என்கிறது, கம்பி லேசில் விடமாட்டேன் என்கிறது. திவான் கச்சேரியில் மனு நகர்கிற மாதிரி. அந்த இழுபறியில் கம்பி பழுத்து ஒளிவிடுகிறது. காற்றில்லாக் கண்ணாடிக்குள் இருப்பதால் எரிந்து போவதில்லை. ஆனால் சூடு சூடுதான்."

மகாராஜா கட்டுப்போட்ட விரலைத் தடவிக்கொண்டார். "அப்படியானால் சூடில்லாத வெளிச்சம் இங்கே எதுவுமே இல்லையா?"

"தேடிவிட்டேன், அகப்படவில்லை. ஆனால் வெளிச்சமே இல்லாத சூடு ஒன்று இருக்கிறது."

"என்ன அது?"

"திவான்வாளின் ஆலோசனை."

மகாராஜா சிரித்த சிரிப்பில் சபையே குலுங்கியது. "இசக்கியை இப்போதே விடுங்கள்! குழைக்காதரே, என்ன பரிசு வேண்டும்?"

"திவான்வாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இசக்கி ஒரு விளக்கோடு பக்கத்தில் நிற்கட்டும், மகாராஜா. சூட்டை அவர் பார்த்துக்கொள்வார். வெளிச்சத்தை இவன் பார்த்துக்கொள்ளட்டும்."