திமிலைக் கழற்றி வை

ஒரு காட்டில் நடந்த அநியாயம் இது. சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும், பிள்ளைகளே. ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தக் காட்டுக்குத் தலைவர் ஓர் ஒட்டகம். நெடுங்கழுத்தர் என்று பேர். ஒரு வருஷம் மழை பொய்த்து, மற்ற விலங்குகளெல்லாம் நாக்குத் தள்ளிக் கிடந்தபோது, அவர் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் அசைபோட்டுக்கொண்டு நின்றார். "அடேயப்பா, பட்டினியையே ஜெயித்தவர்!" என்று எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அன்றிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம்.

அவர் வைத்த சட்டங்களில் ஒன்று இது. குளம்புள்ள எந்தக் குட்டி பிறந்தாலும், இலுப்பை மரத்தைத் தன் காலாலேயே மூன்று சுற்று சுற்றி வர வேண்டும். சுற்றி முடித்தால் அவர் பேர் வைப்பார். பேர் வைத்த பிறகுதான் குட்டியின் வாயில் பால் படலாம்.

"பட்டினி கிடக்கத் தெரிந்த பிள்ளைதான் பிழைக்கும். என்னைப் பாருங்கள்!" என்பார் நெடுங்கழுத்தர்.

பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள். ஒருவருக்காவது எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையே!

செவலி என்றொரு பெண்குதிரை அந்தக் காட்டில் இருந்தாள். போன வருஷம் அவளுக்கு ஓர் ஆண்குட்டி பிறந்தது. அதுவும் இலுப்பை மரத்தைச் சுற்றியது. விழுந்து விழுந்து எழுந்து, மூன்றாவது சுற்றை முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நெடுங்கழுத்தர் குனிந்து, "நூறாண்டு" என்று அதன் காதில் பேர் சொன்னார். அந்தக் காது அப்போதே சில்லிட்டிருந்தது. பால் குடிக்கத் தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

குட்டி செத்துப்போனது.

"விதி அவ்வளவுதான். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது" என்று சொல்லிவிட்டு அவர் மேயப் போய்விட்டார்.

செவலி அன்று ஒன்றும் பேசவில்லை. பேசாத பேச்சு ஒரு வருஷமாக அவளை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் ஒரு நாள் விடிகிற நேரத்தில் அவளுக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. நாலு காலும் நாலு பக்கம் இழுக்க, தடுமாறி எழுந்து, அம்மாவின் வயிற்றுக்கடியில் மூக்கை நீட்டியது. செவலிக்கு மடி கட்டி, மஞ்சளாய்ச் சீம்பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரசவத்துக்குத் துணையிருந்த மூக்காயிக் கழுதை பதறினாள். "ஐயையோ செவலி! இன்னும் மரம் சுற்றவில்லையே. தலைவர் வரட்டும். ஊரைப் பகைத்துக்கொண்டு நாம் எங்கே போவது?"

செவலியின் கால்கள் பழக்க தோஷத்தில் ஓரடி விலகின. விலகிய மறுகணமே அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"தலைவர் எப்போது வருவார்?" என்று கேட்டாள்.

"அசைபோட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் வருவாராம்."

குட்டி பசியோடு நிற்கிறது, அவர் அசைபோடுகிறாராம்! வெயில் ஏறிய பிறகு, கழுத்தை ஆட்டி ஆட்டிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். பின்னாலேயே மானும் எருமையும் வேடிக்கை பார்க்க வந்தன.

"ம், நடக்கட்டும்" என்றார் நெடுங்கழுத்தர்.

குட்டி நடந்தது. முதல் சுற்றை எப்படியோ முடித்தது. இரண்டாவது சுற்றில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

பிள்ளைகளே, பசித்த உடம்பு சும்மா இருக்காது. உள்ளே தூதர்கள் ஓடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு ஹார்மோன் என்று பேர் சொல்வார்கள். "குளிருகிறது, கால் ஓய்கிறது, களஞ்சியத்தைத் திற!" என்று அவர்கள் போய்க் கல்லீரலின் கதவைத் தட்டுவார்கள். அதுவும் இருக்கிற சர்க்கரையை அள்ளிக் கொடுக்கும். பெரியவர்களுக்கு அது தீர்ந்தாலும் கொழுப்பு கைகொடுக்கும். பிறந்த குதிரைக்குட்டிக்கோ களஞ்சியத்தில் இருப்பதே ஒரு பிடி. கொழுப்பும் பேருக்குத்தான் இருக்கும். ஒரு பிடியும் தீர்ந்த பிறகு எத்தனை தூதர்கள் தட்டி என்ன பயன்?

இரண்டாவது சுற்றின் பாதியில் குட்டியின் நடுக்கம் நின்றது.

"பார்த்தீர்களா! நடுக்கம் போய்விட்டது. பட்டினி பழகிவிட்டது" என்றார் நெடுங்கழுத்தர். "ஆமாம், ஆமாம்!" என்றது எருமை.

பழகிவிட்டதாம்! நடுங்கக்கூடத் தெம்பில்லாமல் போனது அந்த மண்டூகங்களுக்குத் தெரியவில்லை.

குட்டி இலுப்பை மரத்தருகில் போய் நின்றது. அம்மா எது, மரம் எது என்று அதற்குத் தெரியவில்லை. வாயை மரப்பட்டையில் வைத்து நக்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவலிக்கு ரத்தம் கொதித்தது. போன வருஷக் குட்டியும் சாவதற்கு முன் இதே மரத்தைத்தான் நக்கியது. அன்றும் இவர்கள் இப்படித்தான் சிரித்தார்கள். அவள் ஒரே பாய்ச்சலில் போய்க் குட்டியின் காதில் மூக்கை வைத்துப் பார்த்தாள். காது சில்லிட்டிருந்தது.

"நில் செவலி! இன்னும் ஒன்றரைச் சுற்று பாக்கி இருக்கிறது" என்று அதட்டினார் நெடுங்கழுத்தர்.

"என் மகள் இனி ஓரடிகூட நடக்க மாட்டாள்."

"என்ன திமிர்! நான் பதினைந்து நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்தவன். உன் மகளால் அரை நாள் தாங்க முடியாதா?"

செவலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைவரே, உங்கள் முதுகில் இருப்பது என்ன?"

"திமில். அதுகூடத் தெரியாதா?"

"அதற்குள்ளே என்ன இருக்கிறது?"

நெடுங்கழுத்தர் நெஞ்சை நிமிர்த்தினார். "கொழுப்பு! நான் தின்று தின்று சேர்த்தது. எத்தனை நாள் பட்டினி கிடந்தாலும் என்னைத் தாங்குவது அதுதான்."

"இவள் முதுகைப் பாருங்கள்" என்றாள் செவலி.

எல்லாரும் பார்த்தார்கள். ஈரம் காய்ந்த தோலுக்கடியில் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. அதன்மேல் ஒன்றுமே இல்லை.

அதுவரை 'நீங்கள்' என்று பேசியவள், "அந்தத் திமிலைக் கழற்றி இவள் முதுகில் வை!" என்று கத்தினாள். "வைத்துவிட்டு அப்புறம் சட்டம் பேசு. மூன்று சுற்று என்ன, முப்பது சுற்று சுற்றுவாள் என் மகள்! மூட்டை மூட்டையாய் முதுகில் கட்டி வைத்துக்கொண்டு, நேற்று வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பட்டினி கிடக்கச் சொல்லித் தருகிறாயா? வெட்கமாயில்லை?"

நெடுங்கழுத்தருக்கு அசைபோட்ட வாய் அப்படியே நின்றது.

"அவள் கேட்பது நியாயம்தானே?" என்று ஒரு குரல் கேட்டது. மூக்காயிதான். மெல்லத்தான் சொல்ல நினைத்தாள். கழுதைக் குரலாயிற்றே, காடு முழுக்கக் கேட்டுவிட்டது. கேட்டதும் கேட்டது என்று இன்னும் உரக்கவே சொன்னாள். "என் பிள்ளையும் போன மாசி மாதம் இப்படித்தான் போனான். விதி விதி என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாவி நான்!"

மான் தலை குனிந்தது. அதற்கும் ஒரு கன்று போயிருந்தது.

"சட்டம் என்று ஒன்று..." என்று நெடுங்கழுத்தர் இழுத்தார்.

செவலி திரும்பித் தன் பின்னங்கால் இரண்டையும் அவருக்கு நேராக வைத்தாள். "கிட்டே வந்து சொல்."

நெடுங்கழுத்தர் தன் நீளக் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

குட்டிக்கோ காம்பைப் பிடிக்கத் தெரியவில்லை. மூக்காயி அதன் தலையைத் தன் தலையால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, செவலியின் மடியை மூக்கால் இடித்தாள். சீம்பால் ஒரு சொட்டு உதட்டில் விழுந்து வழிந்து கீழே போனது. இன்னொரு சொட்டும் அப்படியே போனது. மூன்றாவது சொட்டை நாக்கு மெல்ல வழித்துக்கொண்டது.

"குடி தாயி, குடி" என்றாள் மூக்காயி. "உன்னை எவன் கேட்பான் பார்க்கிறேன்."

நெடுநேரம் கழித்துக் குட்டி சப்பத் தொடங்கியது. குடித்தது, இளைப்பாறியது, மறுபடி குடித்தது. உச்சிவெயிலில் அதன் குட்டை வால் படக் படக்கென்று ஆடியது. செவலி காதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நெடுங்கழுத்தர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "சரி, நடந்தது நடந்துவிட்டது. பேராவது வைத்துவிடலாமா? நல்ல பேர் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்."

செவலி குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போன வருஷம் நீ வைத்த பேரே சும்மா கிடக்கிறது" என்றாள். "கூப்பிட்டால் வருவதற்குத்தான் ஆள் இல்லை."

நெடுங்கழுத்தர் வந்த வழியே போய்விட்டார். அடுத்த மழைக்கு இலுப்பை மரத்தைச் சுற்றியிருந்த தடத்தில் புல் முளைத்தது. செவலியின் மகள்தான் அதை முதலில் மேய்ந்தாள்.

நீதி: நிறைந்தவன் தாங்கும் பட்டினியை வைத்து, இல்லாத பிள்ளையின் பசியை அளக்காதே.